தம்பிக்கு 11 கிலோ குறைந்துவிட்டது, வலிப்பு மாத்திரை மட்டும் கூடியிருக்கிறது. இது சரிதானா?

பூம்பாறைக்காரி | இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்ன இடத்தில் எல்லாம் "அது பலவீனம்தான்மா, போகப் போகச் சரியாகும்" என்று முடித்துவிட்டார்கள்.

என் தம்பிக்கு 34 வயது. 16 வயதில் வலிப்பு ஆரம்பித்தது. ராத்திரி ஃபெனிடாயின் 300 மி.கி., அந்த ஒரே மருந்துதான், நாலு வருஷமாக ஒரு ஃபிட்ஸ்கூட இல்லை. பூண்டுக் காட்டில் எங்களோடு சமமாக வேலை பார்த்தவன். தீபாவளிக்கு முன்னால் பூண்டு எடை போடும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றான், 54 காட்டியது. அதனால்தான் கணக்கு ஞாபகம் இருக்கிறது.

மார்கழிக் குளிரில் காய்ச்சல் வந்து நிமோனியாவாகி, கீழே ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) 19 நாள் கிடந்தான். முதல் ஆறு நாள் ட்ரிப்ஸும் ரஸ்க்கும்தான், அவனும் எதையும் வாயில் வைக்கவில்லை. மூன்றாம் நாளே இரண்டு தடவை வலிப்பு வந்தது. அப்புறம் மூக்கில் குழாய் போட்டார்கள். பால், கஞ்சி, மாத்திரைத் தூள் எல்லாம் அதிலேதான், ஒன்று முடிந்ததும் இன்னொன்று. ரத்தத்தில் மருந்து அளவு பார்த்தார்கள், 5 என்று வந்தது, "பத்தாது" என்று 400 ஆக்கினார்கள். குழாயை எடுத்துவிட்டு, அந்த 400-ஐயே எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து 12 நாள். வலிப்பு இல்லை. ஆனால் நடந்தால் தள்ளாடுகிறான், பேச்சு குழறுகிறது, எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம், பகலெல்லாம் தூக்கம். குழந்தை வேலப்பர் தேர்த் திருவிழாவுக்குள்ளாவது எழுந்து நடமாடட்டும் என்று அம்மா கோயில் வரை கூட்டிக்கொண்டு போக, வழியில் ஒருத்தர் "என்னம்மா, காலையிலேயே ஏத்திட்டானா" என்று கேட்டுவிட்டார். அவன் வாழ்க்கையில் பீரைக்கூடத் தொட்டதில்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

முந்தாநாள் கொடைக்கானலில் ரத்தம் கொடுத்தோம். மருந்து அளவு 11.5, பக்கத்தில் 10 முதல் 20 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. அல்புமின் 2.1 என்று கீழே கோடு போட்டிருக்கிறார்கள். எடை 43. லேப்காரர் "மருந்து அளவு கரெக்ட்டா இருக்கு, பயப்படாதீங்க" என்றார். அடுத்து டாக்டரைப் பார்க்கச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இது சத்துக் குறைவா, மாத்திரையா? என்ன கொடுத்தால் எடை ஏறும்? முட்டை சூடு, வாழைப்பழம் குளிர்ச்சி, பால் சளி என்று ஆளுக்கொரு பத்தியம் சொல்வதில் இப்போது கஞ்சி மட்டும்தான் ஓடுகிறது. இன்னொருத்தர் அரிசியையே நிறுத்திவிட்டு நெய்யாகக் கொடுங்கள், வலிப்பு ஓடிவிடும் என்கிறார்.

---

வார்டுஅக்கா_கோத்தகிரி | இரவு 10:15

தங்கச்சி, முதலில் இதைப் படியுங்கள், மற்றது அப்புறம். மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே அந்த டாக்டரிடம் போனில் பேசுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் எந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்று ராத்திரி எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம், விடாத வாந்தி, மறுபடி வலிப்பு, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் 28 வருஷம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், டாக்டர் இல்லை. ஆனால் தள்ளாட்டம், குழறல், இரட்டைப் பார்வை, தூக்கம் என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பது எல்லாம் ஃபெனிடாயின் உடம்பில் அதிகமானால் வருகிற அடையாளங்கள். ஒரு விரலை அவர் கண் முன்னால் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்துங்கள், தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண்மணி துடித்துத் துடித்துப் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"லேப் நார்மல் என்கிறதே" என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்த 2.1 வருகிறது. உங்கள் ஊர் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெனிடாயின் ரத்தத்தில் போகும்போது 100-ல் 90 பேர் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், 10 பேர்தான் படிக்கட்டில் நிற்பார்கள். அந்த சீட்டுதான் அல்புமின், ரத்தத்தில் ஓடும் ஒரு புரதம். மூளையில் இறங்கி வேலை செய்வது படிக்கட்டில் நிற்பவர்கள் மட்டும். இப்போது பஸ்ஸில் பாதி சீட்டைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? மொத்த ஆள் அதேதான், ஆனால் படிக்கட்டில் கூட்டம் கூடிவிடும். லேப் எண்ணுவது மொத்த ஆளை. அது 11.5 என்று சொல்கிறது, பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, டாக்டர்களுக்குத் தெரியும். அல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்ட வேண்டும், வந்த எண்ணால் ரிப்போர்ட்டில் உள்ள அளவை வகுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு 2.1 பெருக்கல் 0.2 என்றால் 0.42, அதோடு 0.1 சேர்த்தால் 0.52. 11.5-ஐ 0.52-ஆல் வகுத்தால் 22. அதாவது 20-ஐத் தாண்டிவிட்டது. இது ஒரு மதிப்பீடுதான், சீட்டில் உட்காராத மருந்தை மட்டும் தனியாக அளக்கும் டெஸ்ட் சில பெரிய லேப்களில் இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்தாலே தள்ளாடுகிறார் என்னும்போது எண்ணைவிட ஆள்தான் முக்கியம்.

அந்த 5 எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரிகிறது. குழாயில் பால், கஞ்சி ஓடும்போதே ஃபெனிடாயினையும் விட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. மருந்துக்கு முன்னால் ஒன்று, இரண்டு மணி நேரம், பின்னால் அதேபோல, ஊட்டுவதை நிறுத்தி இடைவெளி விட வேண்டும். எங்கள் வார்டில் இதற்காகவே கட்டிலில் ஒரு அட்டை தொங்கவிடுவோம், புதுப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று. இடைவெளி விடாததால் அளவு குறைந்திருக்கலாம். அதற்காக டோஸை ஏற்றியிருக்கிறார்கள், பிறகு குழாய் போய்விட்டது, மருந்து முழுசாக உள்ளே போக ஆரம்பித்துவிட்டது, டோஸ் மட்டும் இறங்கவில்லை. அதோடு எடையும் போச்சு. 54 கிலோவுக்கு 300 என்றால் கிலோவுக்கு ஐந்தரை மி.கி., 43 கிலோவுக்கு 400 என்றால் ஒன்பதுக்கு மேல். இன்னொரு குணமும் உண்டு இந்த மருந்துக்கு, ஒரு அளவுக்கு மேல் போனால் ஈரல் அதை அப்புறப்படுத்தத் திணறும், அப்போது டோஸைக் கொஞ்சம் ஏற்றினாலும் ரத்தத்தில் தாறுமாறாக ஏறும்.

டாக்டரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு ரத்த ரிப்போர்ட், பழைய எடை, இப்போதைய எடை, குழாய் போட்ட தேதி, எடுத்த தேதி, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எடையை முதல் வரியில் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

---

ஆரோக்கியம்_நம்கையில் | இரவு 10:52

எல்லாமே கெமிக்கல் பண்ணுகிற வேலை. என் சித்தப்பா பேரனுக்கு அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தி நெய், தேங்காய் எண்ணெய் கொடுத்து வலிப்பே நின்றுவிட்டது. வெளிநாட்டில் இதற்கு கீட்டோ என்று பெயர். பயப்படாமல் ஆரம்பியுங்கள் சகோ, மாத்திரையைத் தன்னால் விடலாம்.

---

குன்னூர்_அம்மா | இரவு 11:30

சகோ, கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது, இரண்டு வருஷமாக கீட்டோஜெனிக் உணவில்தான் இருக்கிறாள், அதனால் இது பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. 1921-லேயே அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர் இதற்குப் பெயர் வைத்தார். 2008-ல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதத்தில் இந்த உணவில் இருந்தவர்களில் 100-க்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, சாதாரண உணவில் இருந்தவர்களில் 6 பேருக்குத்தான். அந்தக் குழந்தைகள் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள். மருந்தை நிறுத்திவிட்டு உணவு கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள், மருந்தோடு சேர்த்துத்தான்.

"நெய் கொடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். என் சமையலறையில் கிராம் தராசு இருக்கிறது. 4-க்கு 1, அதாவது மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம், ஒவ்வொரு வேளையும் அந்தக் கணக்கு. இருமல் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குவேன், பற்பசையைக்கூட மாற்றினேன். தொடங்கும் முன்னால் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள், ஏனென்றால் சிலருடைய உடம்புக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியாது, அவர்களுக்கு இந்த உணவே ஆபத்து. சிறுநீரகக் கல், மலச்சிக்கல், உயரம் ஏறாமல் போவது என்று ஒவ்வொன்றுக்கும் காவல் இருக்க வேண்டும். அண்ணன் வாங்கி வந்த வர்க்கிப் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள், நாங்கள் சொல்லாமலே. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத் தைரியம் வேண்டும்.

இந்த அக்காவின் தம்பிக்கு ஒரே மாத்திரையில் நாலு வருஷம் வலிப்பு இல்லை. 11 கிலோ இழந்து எலும்பும் தோலுமாக வந்திருப்பவரிடம் போய் அரிசியை நிறுத்து என்பதா? தயவுசெய்து இந்த யோசனையை யாரும் கேட்காதீர்கள்.

---

ஆரோக்கியம்_நம்கையில் | இரவு 11:41

நல்லதுக்குத்தான் சொன்னேன். எனக்கு அவன் தராசு வைத்துச் சாப்பிட்டானா என்றெல்லாம் தெரியாது.

---

பூம்பாறைக்காரி | காலை 7:05

அக்கா, ராத்திரி இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தேன், எழுந்தான். விரலை நகர்த்திப் பார்த்தேன், கண் துடிக்கிறது. டாக்டர் காலையில் போன் எடுத்துவிட்டார், நீங்கள் சொன்ன கணக்கைப் படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, "இன்றைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். ஜீப் சொல்லியிருக்கிறோம், வத்தலக்குண்டு இறங்குவதற்குள் அவனுக்குத் தலை சுற்றும், அதை நினைத்தால்தான் பயம்.

சாப்பாட்டுக் கேள்வியை மட்டும் யாராவது சொல்லுங்கள். வழியில் படித்துக்கொள்கிறேன்.

---

சாமைச்சோறு | காலை 9:20

ஊட்டியில் டயட்டீஷியனாக இருக்கிறேன். வார்டுஅக்கா மருந்துப் பக்கத்தை எழுதிவிட்டார், ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பக்கம் நான் எழுதுகிறேன்.

54-லிருந்து 43 என்றால் ஐந்தில் ஒரு பங்கு உடம்பு போயிருக்கிறது. மூன்று, நாலு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்கு போனாலே நாங்கள் அதைக் கடுமையான சத்துக்குறைவு என்று எழுதுவோம். இது ஆஸ்பத்திரியில் எல்லார் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ட்ரிப்ஸ் ஏற்றினால் சாப்பாடு கொடுத்த மாதிரி என்று வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் பாட்டிலில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, 200 கலோரியைத் தாண்டாது, புரதம் பூஜ்யம். இரண்டு பாட்டில் ஓடினாலும் பூண்டுக் காட்டு ஆளுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடுகூட இல்லை. அதோடு காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போது உடம்பு தன் சதையையே எரித்து வேலையை ஓட்டும். இருமித் துப்பும் தசையும் அதில் போகும், அதனால் நிமோனியா இழுக்கும், அதனால் இன்னும் படுக்கை, இன்னும் எடை.

உணவு அப்படி என்ன பெரிதாக மாற்றிவிடும் என்று கேட்கிற டாக்டர்களும் உண்டு. 2019-ல் சுவிட்சர்லாந்தில் எட்டு ஆஸ்பத்திரிகளில், சத்துக்குறைவு அபாயம் இருந்த இரண்டாயிரம் நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பங்கினருக்கு ஆளுக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று குறி வைத்துச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு. 30 நாளில் வழக்கமான சாப்பாட்டுப் பக்கம் 100-க்கு 10 பேர் இறந்தார்கள், குறி வைத்த பக்கம் 7 பேர். புது மருந்து ஒன்று இப்படிச் செய்திருந்தால் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

ஒரு திருத்தம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அல்புமின் 2.1 என்றதும் "முட்டை கொடுத்தால் ஏறிவிடும்" என்று ஓடாதீர்கள். தொற்றும் வீக்கமும் உடம்பில் இருந்தாலே அல்புமின் விழும், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் விழும். அது சத்தை அளக்கும் கருவி இல்லை. நிமோனியா முழுக்க ஆறி, சாப்பாடும் ஒழுங்காக ஓடினால் மெல்ல மெல்ல ஏறும், வாரக் கணக்கில். அது ஏற ஏற சீட்டு கூடும் இல்லையா, அப்போது மருந்துக் கணக்கும் மறுபடி மாறும். அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடாமல் திரும்பவும் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அடுப்படி. 43 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 52 முதல் 65 கிராம் புரதம் வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால். நீங்கள் கொடுக்கும் அரிசிக் கஞ்சி ஒரு டம்ளரில் இரண்டு கிராம்கூட வராது. இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, உங்கள் மலையில் விளையும் பட்டர் பீன்ஸ் வேகவைத்தது ஒரு கப்பில் சுமார் 14, ஒரு கை நிலக்கடலையில் 7 அல்லது 8. மீதியைச் சோறு, ராகி, பருப்பு பார்த்துக்கொள்ளும். கடையில் டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. மூன்று வேளை தட்டு நிறைய வைத்தால் அவரால் முடியாது, ஆறு தடவையாகக் கொடுங்கள், கஞ்சி வேண்டும் என்றால் அதில் பால், வறுத்த கடலைப் பொடி, ஒரு கரண்டி நெய் (நெய்யை இப்படிப் போடலாம், அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்). பால் சளி பிடிக்கும், முட்டை சூடு என்பதற்காக நிமோனியாவிலிருந்து எழுந்த ஆளைப் பட்டினி போட வேண்டாம். மலைவாழைப்பழம் தாராளமாகக் கொடுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். இந்தத் தூக்கக் கலக்கத்தில் படுக்கவைத்து ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாயில் போய் மறுபடி நிமோனியா வரும். உட்காரவைத்து, முழுசாக விழித்திருக்கும்போது மட்டும். காலில் வீக்கம் இருந்தால் தராசு பொய் சொல்லும், அழுத்திப் பார்த்துவிட்டு எடை எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று. ஐந்தாறு நாள் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாத ஆளுக்கு முதல் நாளே வயிறு முட்டக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சடாரென்று இறங்கும். இதயம் தாறுமாறாக அடிக்கும், சிலருக்கு வலிப்பும் வரும். கொஞ்சமாக ஆரம்பித்து, தயமின் ஊசி போட்டு, ரத்தம் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

வருஷக்கணக்கில் ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் டி குறையும், எலும்பு மெலியும். பனியில் ஸ்வெட்டரும் குல்லாயுமாக இருக்கிற நமக்கு வெயில் படுவதும் கம்மி. டாக்டரிடம் வைட்டமின் டி, கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகக் கடையில் ஃபோலிக் ஆசிட் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது அதிகமானால் ஃபெனிடாயின் அளவை இறக்கிவிடும். கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் சிரப் எழுதிக் கொடுத்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

---

வார்டுஅக்கா_கோத்தகிரி | காலை 9:48

ஒன்று விட்டுப்போச்சு. ஈறு வீங்கியிருக்கிறதா பாருங்கள். இந்த மாத்திரையில் ஈறு பல்லை மூடும் அளவு தடிக்கும். கடலை, சுண்டல் எல்லாம் மென்றால் ரத்தம் வரும், அவர்கள் சொல்லமாட்டார்கள், "பசிக்கல" என்று மட்டும் சொல்வார்கள்.

---

தேயிலைக்காடு | மதியம் 1:10

எனக்கு நேர் எதிர்க் கதை. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்த ஒன்றரை வருஷத்தில் 61-லிருந்து 74. தேயிலை பறிக்க ஏற்றத்தில் ஏறினால் மூச்சு வாங்கியது, வீட்டில் "நல்லாச் சாப்பிடறா, அதான்" என்று கிண்டல். மருந்தால் பசி கூடும், எடை போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக இரண்டு வேளையாகக் குறைத்துப் பட்டினி கிடந்து ஒரு நாள் தோட்டத்திலேயே விழுந்தேன். பிறகுதான் வேறு டாக்டரிடம் போனேன். கல்யாண வயதுப் பெண்ணுக்குக் கருவைப் பாதிக்கும் மருந்து இது, அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று மெதுவாக லெவெட்டிராசெட்டத்துக்கு மாற்றினார். டோபிரமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து போட்ட சிலருக்குப் பசியே இருக்காது, மெலிந்துகொண்டே போவார்கள் என்பதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். அவ்வளவு ஏன், எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் வலிப்புக்காரர்களை எடை பார்க்கிற பழக்கமே இல்லை, கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான் அந்த மெஷின்.

---

கேத்தி_கேரட் | மதியம் 2:35

நடுவில் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கேரட், முட்டைக்கோஸ் பச்சையாகச் சாப்பிட்டால் மூளையில் பூச்சி போய் ஃபிட்ஸ் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. நான் கேரட் போடுகிறவன். உண்மையா, இல்லை எங்கள் பிழைப்பைக் கெடுக்கிற வேலையா?

---

வார்டுஅக்கா_கோத்தகிரி | மதியம் 3:02

தம்பி, பாதி உண்மை. பன்றிக்கறி நாடாப்புழு வயிற்றில் உள்ளவரின் மலத்தில் அதன் முட்டை வெளியே வரும். அது கலந்த தண்ணீரோ கையோ பட்ட காய்கறியைக் கழுவாமல் பச்சையாகத் தின்றால் முட்டை உள்ளே போய், மூளையில் நீர்க்கட்டி மாதிரி தங்கி வலிப்பு வரவைக்கும். நம் நாட்டில் பெரியவர்களுக்குப் புதிதாக வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பன்றிக்கறி தொடாத சுத்த சைவக்காரருக்கும் வருவது இதனால்தான். கேரட் மேல் குற்றம் இல்லை, நல்ல தண்ணீரில் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம், வேகவைத்தால் பயமே இல்லை. நீங்கள் கேரட் கழுவ எந்தத் தண்ணீரை விடுகிறீர்கள், காட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

---

கேத்தி_கேரட் | மதியம் 3:10

தண்ணீர் சரி. கக்கூஸ்தான்... பார்க்கிறேன் அக்கா.

---

பூம்பாறைக்காரி | ஐந்து வாரம் கழித்து, இரவு 8:20

எழுதாமல் விட்டதற்கு எல்லாரும் மன்னிக்க வேண்டும். அன்றைக்கே அட்மிட் செய்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி மாத்திரையைக் கொடுக்காமல், மறுபடி ரத்தம் பார்த்து, படிப்படியாக டாக்டரே டோஸை இறக்கினார். நாலாம் நாள் கண் துடிப்பது நின்றது, இரட்டையாகத் தெரிவது போனது, ஒரு வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் நடந்தான். இப்போது 300-க்கே வந்துவிட்டது. போன வாரம் அல்புமின் 3.2, அதனால் மருந்து அளவையும் மறுபடி பார்த்தார்கள், நாங்கள் கேட்காமலே. நடுவில் வலிப்பு ஒன்றும் இல்லை. தேர் அன்றைக்கு மட்டும் அவன் வெளியே வரவில்லை, ஜன்னலிலிருந்தே பார்த்தான். ஏத்திட்டானா என்று கேட்டவர் வீட்டுக்கே வந்து முட்டை கொடுத்துவிட்டுப் போனார். அதை அம்மா முதலில் வாங்கவில்லை, அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

வார்டுஅக்கா, ஈறு நீங்கள் சொன்ன மாதிரியே தடித்துத்தான் இருந்தது. கேட்டால் ஆறு மாதமாகவே வலி என்கிறான். பல் டாக்டரிடம் காட்டினோம், கடலையை இப்போது அரைத்துத் துவையலாகத்தான் கொடுக்கிறேன். வைட்டமின் டி 9 என்று வந்து, வாரத்துக்கு ஒரு தடவை பவுடர் எழுதியிருக்கிறார்கள்.

ஆறு வேளை என்பது முதல் வாரம் பெரிய போராட்டம். பால் வேண்டாம் என்பான், பட்டர் பீன்ஸ் குழம்பு மட்டும் ராகிக் களியோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு நோட்டில் தினமும் எழுதுகிறேன். வாரம் ஒருநாள் தராசு. 43, 43.4, 44.1, ஒரு வாரம் காய்ச்சலில் மறுபடி 43.8, நேற்று 45.2. அம்மா நம்பவில்லை, அவனை இறக்கிவிட்டு ஒரு பூண்டு மூட்டையை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். அப்போதும் 45.2.

---

வார்டுஅக்கா_கோத்தகிரி | இரவு 8:31

ஸ்வெட்டரைக் கழற்றினாரா?

---

பூம்பாறைக்காரி | இரவு 8:40

இல்லை அக்கா. 43 எடுத்த அன்றைக்கும் அதே ஸ்வெட்டர்தான்.